மாசம் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயசுங்க. சர்க்கரை, பிரஷர் ரெண்டுக்கும் மாத்திரை சாப்பிடறாங்க. மஞ்சள் வேவிக்கற சீசன்ல அசதியா இருக்குன்னு மாசம் ஒருக்கா குளுக்கோஸ் பாட்டில் ஏத்திக்கறாங்க. மஞ்சக்கலர் சத்து மருந்தும் கலந்து போடறாங்க. போன தடவை கை வீங்கி மூணு நாள் வலி. தொடரலாமுங்களா?
- வாசகி, மொடக்குறிச்சி

பதில்: வேண்டாம்மா, நிறுத்திவிடுங்கள்.

5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. மீதி தண்ணீர். 100 கலோரிகூடத் தேறாது. இரண்டு இட்லி அதைவிட மேல். ஏற்றியதும் தெம்பு வருவது உண்மைதான். மஞ்சள் வேகவைக்கும் கொப்பரை அனலில் வியர்த்துப் போன நீர் திரும்பக் கிடைக்கிறது, இரண்டு மணி நேரம் படுத்தும் இருக்கிறார்கள். அந்த நீரை வாயாலேயே குடிக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு அந்த 25 கிராம் நேராக ரத்தத்தில் கலப்பதுதான் வம்பு. மஞ்சள் மருந்து பெரும்பாலும் பி வைட்டமின்கள். உடம்புக்கு மிஞ்சியது அன்றே மஞ்சள் சிறுநீராகப் போய்விடும்.

ஊசி நரம்பை விட்டு விலகினால் மருந்து சதைக்குள் இறங்கும். இடம் வீங்கிச் சில்லென்றிருக்கும், சொட்டும் மெதுவாகும். நரம்பே புண்பட்டிருந்தால் சிவந்து, சூடாகி, கயிறு மாதிரி தடிக்கும். இரண்டிலும் உடனே ஊசியை எடுக்கச் சொல்லி, கையை உயர்த்தி வைக்க வேண்டும். தேய்க்கவே கூடாது. காய்ச்சலோ சீழோ வந்தால் அன்றே மருத்துவமனை.

வாந்தி பேதியில் எதுவுமே வயிற்றில் தங்காதபோது டிரிப்ஸ் அவசியம்தான். அப்போது சர்க்கரை, பிரஷர், இதயம், கிட்னி விவரத்தை முதலிலேயே சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் சலைன் என்ற உப்பு நீரைத்தான் போடுவோம். அதிலும் அரை லிட்டருக்கு 4.5 கிராம் உப்பு உண்டு. கிட்டத்தட்ட ஒரு நாளைக்குச் சாப்பிட வேண்டிய உப்பின் அளவு. சாதாரண டிரிப்ஸ் குழாயில் 20 சொட்டு ஒரு மில்லி. அரை லிட்டர் நான்கு மணி நேரத்தில் இறங்க நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. கடிகாரத்தை வைத்து நீங்களே எண்ணலாம். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமென்று, குழாயில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை முழுக்கத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி வேகமாக இறங்கி இருமல், மூச்சுத்திணறல், மல்லாந்து படுக்க முடியாமை வந்தால் நுரையீரலில் நீர் கோர்க்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உருளையை மூடி நர்ஸைக் கூப்பிடுங்கள். பாட்டில் தீர்ந்ததும் குழாயில் ரத்தம் ஏறினால் பயப்பட வேண்டாம். அதற்கும் உருளையை மூடினால் போதும்.

மாதாமாதம் அசதி வருகிறதென்றால் காரணத்தைத் தேட வேண்டும். ஹீமோகுளோபின், மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c), தைராய்டு, கிட்னிக்கான கிரியாட்டினின் பாருங்கள். பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் பி12 வைட்டமின் அளவும் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும். அது குறைந்தால் அசதியோடு கால் மதமதப்பும் வரும். குறைவாக இருந்தால் மாத்திரையோ தசை ஊசியோ போதும், பாட்டில் தேவைப்படாது.