ஃப்ரெண்டு கப்பலுக்குப் போறான், நானும் போகணுமா?

தம்பி, உன் மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். அதுல "நான்"னு வர்றதவிட "அவன்"னு வர்றதுதான் ஜாஸ்தி. அவன் மெர்சன்ட் நேவிக்கு, அதாவது வணிகக் கப்பல் வேலைக்கு, ஃபார்ம் போட்டுட்டான், அவன் என்னையும் கூப்பிடுறான், எட்டாவதுல இருந்தே சேந்து உலகம் சுத்தணும்னு பேசி வச்சிருந்தோம், இப்ப நான் பின்வாங்குனா துரோகம் பண்ண மாதிரி இருக்கும்னு நீட்டிக்கிட்டே போய், கடைசியில போற போக்குல "வீட்ட விட்டு இருக்க முடியுமான்னு தெரியல சார்"னு ஒரு வரி போட்டிருக்க. நீ கேக்க வந்ததே அந்த ஒரு வரிதான்னு எனக்குத் தோணுது.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா படிச்சு ஒண்ணா வேலைக்குச் சேந்தாலும் ஒரே கப்பல்ல இருப்பீங்கன்னு எந்த கியாரண்டியும் கிடையாது. கேடட்ட, அதாவது பயிற்சியில இருக்கற பையன, எந்தக் கப்பல்ல ஏத்தறதுங்கறது கம்பெனி முடிவு, எதுல ஆள் தேவையோ அதுல ஏத்துவாங்க. அவன் எண்ணெய் ஏத்துற டேங்கர்ல இருப்பான், நீ நிலக்கரி, தானியம் ஏத்துற பல்க் கேரியர்ல இருப்ப, அவன் லீவுல இறங்குறப்ப நீ ஏறிக்கிட்டிருப்ப. அவனுக்காக வீட்ட விட்டுட்டுப் போய், கடைசில வீடும் இல்லாம அவனும் இல்லாம நடுக்கடல்ல தனியா நிப்ப.

வேலையும் போட்டோல பாக்குற மாதிரி இல்ல. கப்பல ஓட்டுற ரூம்தான் பிரிட்ஜ், அங்க நின்னு காவல் பாக்கற பிரிட்ஜ் வாட்ச்னா பொதுவா 4 மணி நேரம் டியூட்டி, 8 மணி நேரம் கேப், திரும்ப 4 மணி நேரம், ராத்திரி 12-ல இருந்து 4 வரைக்கும் இருட்டுல முழிச்சிருந்து கடலயும் ரேடாரயும் பாத்துக்கிட்டு நிக்கிறதும் அதுல வரும். கப்பல் ஊழியர்களுக்கான எம்எல்சி 2006ங்கற சர்வதேச ஒப்பந்தப்படி 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு குடுக்கணும், தொடர்ந்து கப்பல்ல இருக்கறது 12 மாசத்துக்குள்ள முடியணும். அதாவது, பல மாசம் நீ வீட்டுப் பக்கமே வர மாட்டங்கறத வச்சுத்தான் விதியே எழுதியிருக்காங்க. இதப் படிக்கறப்ப உனக்கு ஆச வருதா இல்ல வயித்தக் கலக்குதா?

முன்னாடி ஒரு தடவ ரெண்டு பசங்க ஜோடியா வந்தாங்க. நான் ஒருத்தன கேட்டா இன்னொருத்தன் பதில் சொல்றான், பேசாம இருந்தவன் கையில இருந்த அப்ளிகேஷனோட மூலைய மடிச்சு மடிச்சு அது கிழிஞ்சே போச்சு. உன் மெசேஜ் பாத்ததும் அந்தக் கைதான் ஞாபகம் வந்துச்சு.

நட்பு போயிடும்னு பயப்படாத. அமெரிக்காவுல கான்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஹால்னு ஒருத்தர் 2018-ல வெளியிட்ட ஆய்வுல, ஒருத்தர் நெருங்கின நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல சேந்து இருக்க வேண்டியிருக்குன்னு சொல்றாரு. எட்டாவதுல இருந்து பழகுற நீங்க அத எப்பவோ தாண்டியாச்சு, ஒரு காலேஜ் சீட்டுல அது கரையாது.

அதுக்காக வீட்டுலயே இருன்னும் நான் சொல்லல. வீடு பிடிச்சு இருக்கறது வேற, வெளிய போகப் பயந்து இருக்கறது வேற, உள்ள இருக்கறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதான் சிக்கல். லீவுல ஒரு மூணு வாரம் அவன் இல்லாம, சொந்தக்காரங்க இல்லாத ஊர்ல ஒரு கோர்ஸோ கேம்போ போய்ப் பாரு. மொத வாரம் அழுகை வந்தா அத கணக்குலயே எடுக்காத, அது நிறைய பேருக்கு வரும். மூணாவது வாரத்துல எப்படி இருக்கன்னு எனக்கு எழுது. கப்பல்தான் பிடிச்சிருக்கு, ஆனா கடல்ல இருக்க முடியாதுன்னு தெரிஞ்சா துறைமுக நிர்வாகம், கப்பல் டிசைன், ரிப்பேர், மரைன் இன்சூரன்ஸ்னு கரையில இருந்தே பாக்குற வேலை நிறைய இருக்கு.

இன்னொண்ணு, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட கலர் விஷன் டெஸ்ட் எடுத்துடு. சிவப்பு, பச்சை விளக்கப் பிரிச்சுப் பாக்க முடியலன்னா கப்பல ஓட்டுற டெக் ஆபீசர் வேலைக்கு மெடிக்கல்லயே நிப்பாட்டிடுவாங்க, சில பேருக்கு இது கடைசி நேரத்துலதான் தெரிய வருது. அந்த ரிப்போர்ட்டோட அடுத்த வாரம் வா. அவனும் கூட வர்றதா இருந்தா வரட்டும், ஆனா வெளிய உக்காரட்டும்.