வயலினும் வச்சிரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். இது முதல் கடிதம்.

என் மகள் நான்கு வருடமாக வயலின் கற்கிறாள். முக்கால் அளவு வயலின் அவள் கைக்குச் சிறிதாகிவிட்டது, முழு அளவு வாங்கவேண்டும். பழைய மரத்துக்குத்தான் நாதம், பழையதாகப் பார்த்து வாங்குங்கள் என்கிறார் நண்பர் ஒருவர். இத்தாலியில் வயலின் செய்த ஸ்ட்ராடிவாரி தன் வார்னிஷ் ரகசியத்தை யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார், பிறகு வந்ததெல்லாம் நகல்தான் என்றும் சொல்கிறார். உண்மையா? பழையது வாங்கலாமா, புதியதா?

இன்னொன்று. எங்கிருந்தோ வந்த இந்த வாத்தியம் நம் மேடையில் வீணையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மகளிடம் சொல்வதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பி.கு.: அந்த முக்கால் வயலினில் மேல்பலகையின் ஓரம் ஒரு விரல் நீளத்துக்கு விட்டுக்கொண்டது. இந்தக் காலத்தில் எதையும் ஒழுங்காக ஒட்டுவதில்லை. நல்ல பசையாக வாங்கி நானே ஒட்டிவிட்டேன். கல் மாதிரி நிற்கிறது. தம்பிக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் முக்கியமான வரி பின்குறிப்பில் இருக்கிறது. மற்றவற்றைச் சட்டென்று முடித்துவிட்டு அங்கே வருகிறேன். வந்ததும் கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வருத்தம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று ஏறக்குறைய இருநூறு ஆண்டாகிறது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா யானைத்தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தது 1834இல். ஐரோப்பாவில் நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்ததை நாம் உட்கார்ந்து, அதன் சுருள்தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிக் கூட்டிக்கொண்டோம். மைசூர் சௌடையா ஏழு தந்தி கட்டியே வாசித்தார். பாடுகிறவர் குரல் எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் கூடவே வளைகிற வாத்தியம் கைக்கு வந்தால் எந்தப் பாடகர் விடுவார்? மகளிடம் சொல்வதில்லை என்றீர்கள். அப்படியே சொல்லாமல் இருங்கள்.

அடுத்தது ரகசியம். ஸ்ட்ராடிவாரி 1737இல் தொண்ணூறைத் தாண்டி இறந்தார். அவருடைய ஐந்து வாத்தியங்களின் வார்னிஷை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இருந்தது எண்ணெயும் பைன் பிசினும், சிலவற்றில் அந்தக் கால ஓவியர்கள் குழைத்த சிவப்பு நிறமிகளும். 2010இல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களுக்கு இருட்டுக் கண்ணாடி மாட்டிவிட்டு ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, மூன்று பழைய இத்தாலிய வயலின்கள். அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலினை. கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரிக்கு. 2012இல் பாரிஸில் உலகம் சுற்றும் தனிக்கலைஞர்கள் பத்துப் பேரிடம் இதையே செய்து பார்த்தபோது ஆறு பேர் புதியதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்குப் பிறகும் ரகசியம் என்று பேசுகிறவர்களில் பாதிப்பேர் எதையாவது விற்கிறவர்கள். உங்கள் நண்பரைச் சொல்லவில்லை.

இனி பசை.

“ஒழுங்காக ஒட்டுவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்காக ஒட்டியதால்தான் அது விட்டது.

வயலினை ஒட்டுவது மிருகத்தோலைக் காய்ச்சி எடுத்த பசையால். நம் தச்சர்கள் அதை வச்சிரம் என்பார்கள். வில்லைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெந்நீருக்குள் இறக்கிய பாத்திரத்தில் 60 டிகிரி சூட்டில் இளக்கவேண்டும். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். நாற்றம் சகிக்காது. ஆறுவதற்குள் ஒட்டி இறுக்கவேண்டும். இத்தனை பாடுபட்டு ஒட்டியது, கொஞ்சம் ஈரமும் ஒரு தட்டைக் கத்தியும் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பிரிந்து வரும். பெயர்தான் வச்சிரம்.

இன்னும் கேளுங்கள். மேல்பலகையின் இரண்டு பாதிகளை நடுவில் சேர்க்கும்போதும் கழுத்தைப் பொருத்தும்போதும் இந்தப் பசையைக் கெட்டியாகவே போடுவார்கள். கடைசியில் மேல்பலகையை மூடும்போது மட்டும் தண்ணீர் விட்டு நீர்க்கவைப்பார்கள். தெரிந்தேதான். மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். கனமான கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, வெளியே மேடும் உள்ளே குழியுமாக, சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்தது. மரம் நெடுக்குவாட்டில் அநேகமாக அசையாது. குறுக்குவாட்டில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். சுற்றிலும் மேப்பிள் பட்டை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, சூடுகாட்டி வளைத்த, ஒரு மில்லிமீட்டர் கனப் பட்டை. காற்று காயும்போது மேல்பலகை உள்ளே இழுக்கும். அப்போது ஏதாவது ஒன்று விட்டாகவேண்டும், பசை அல்லது மரம். பசை விட்டால் ஒரு விரல் இடைவெளி. தெரிந்தவர் கையில் ஒரு சொட்டுச் சூட்டுப்பசையோடும் ஒரு கவ்வியோடும் முடிகிற வேலை. பசை விடாதென்றால் மரம் கிழியும்.

உங்கள் வயலின் “காற்று காய்கிறது, கொஞ்சம் இடம் கொடு” என்று வாயைத் திறந்திருக்கிறது. நீங்கள் அதைத் தைத்துவிட்டீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறதென்றால், இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். பத்தொன்பது வயதில், பெரியப்பாவின் வயலினில்.

அவர் ஒரு மாதம் ஊரில் இல்லை. மந்தர தந்தியில் வில்லைப் போட்டால் ஜிர்ரென்று ஓர் அதிர்வு. தேடிப்பார்த்தால் கீழ் ஓரத்தில் இடைவெளி. இரண்டு குழாய்களில் வருமே, பிதுக்கிக் கலந்து பூசுவது, அதைப் பூசி மேலே தடிப்புத்தகங்களை அடுக்கி ராத்திரி முழுக்க வைத்திருந்தேன். பெரியப்பா திரும்பி வந்து வாசித்துப் பார்த்து “ஜிர்ர் போயிடுச்சேடா!” என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் சிரித்தேன். பாராட்டு மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் வறட்சி. ஒரு மத்தியானம், யாரும் தொடாமலே, பெட்டிக்குள்ளிருந்து சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். திறந்தோம். எஃப் வடிவத் துளையிலிருந்து கீழ் ஓரம் வரைக்கும், ரேகையோடு ரேகையாக, ஒரு கீறல்.

பழுதுபார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் கீறலைப் பார்க்கவே இல்லை. வயலினைக் காதருகே பிடித்துக்கொண்டு ஓரம் முழுக்க விரல்மொட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். என் பசை இருந்த இடத்தில் விரல் நின்றது.

“இது யாரு ஒட்டினது?”

பெரியப்பா என் பக்கம் திரும்பவில்லை. “வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது” என்றார். அவர் அதை வாங்கி முப்பது வருடம் ஆகியிருந்தது. அந்தப் பசைக்கு என்ன வயதென்று பெரியவருக்குத் தெரியாமலா இருக்கும்? “ம்” என்று மட்டும் சொன்னார்.

பிரித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய பசை இருந்த இடமெல்லாம் கத்தி நுழைய நுழைய டிக், டிக் என்று சமர்த்தாக விட்டுக்கொடுத்தது. என் இடம் வந்தது. அங்கே பசை வரவில்லை, மரம்தான் சிலாம்பு சிலாம்பாக வந்தது. சவுண்ட் போஸ்ட் உருண்டு மடியில் விழுந்தது. மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே வெறும் அழுத்தத்தில் நிற்கிற குச்சி, அதை ஒட்டுவதே கிடையாது. பிரெஞ்சிலும் இத்தாலியிலும் அதற்குப் பெயர் ஆன்மா. அந்த வயதில் இது தெரிந்திருந்தால் ஒரு கவிதை எழுதியிருப்பேன். நல்லவேளை.

பலகையைத் திருப்பினார். உள்பக்கத்தில், பழைய கீறல்களின்மேல், நகத்தளவு மரத்துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஏழோ எட்டோ. வெளியிலிருந்து பார்த்து ஒன்றையும் நாங்கள் கண்டதில்லை. அருகே பென்சிலில் இரண்டு தேதிகள், இரண்டு வேறு வேறு கைகளில். இரண்டுமே பெரியப்பா பிறப்பதற்கு முந்தியவை. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நமக்கு முன்னாலயே இவ்வளவு பட்டிருக்கு” என்றார்.

மூடுவதற்கு முன் பெரியவரும் பென்சிலை எடுத்துத் தேதி எழுதினார். என்னையும் எழுதச் சொல்வார் என்று ஏனோ எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நியாயம்தான்.

ஸ்ட்ராடிவாரியைப் பற்றியல்லவா கேட்டிருந்தீர்கள். அவருடைய வாத்தியங்களில் சுமார் 650 இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றில் வயலின்கள் அநேகமாக எல்லாமே பலமுறை திறந்து மூடப்பட்டவை. அவர் காலத்தில் கழுத்து சற்றுக் குட்டையாக இருந்தது, உள்ளேயிருந்து ஆணி அடித்துப் பொருத்துவார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அரங்குகள் பெருத்தன, சுருதி ஏறியது, தந்திகளின் இழுப்பு கூடியது. கழுத்தை எடுத்துவிட்டு, பழைய சுருள்தலையை மட்டும் வைத்துக்கொண்டு, நீண்ட புதுக் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பொருத்தினார்கள். மேல்பலகைக்கு அடியில் ஓடும் பாஸ்பார் என்ற மரச்சட்டத்தையும் எடுத்துவிட்டுக் கனமானதை வைத்தார்கள். ஆக இன்று மேடையில் ஒலிக்கிற அசல் ஸ்ட்ராடிவாரியில் அவர் வைத்த கழுத்து இல்லை, பாஸ்பார் இல்லை, தந்திகளைத் தாங்கும் குதிரை இல்லை, அந்த ஆன்மாக் குச்சியும் இல்லை. 2011இல் அவருடைய 1721ஆம் வருடத்து வயலின் ஒன்று 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு விற்றது. அவர் மட்டும் உங்கள் பசையைப் போட்டிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை அப்போதே அடுப்புக்குப் போயிருக்கும்.

(யாராவது ஒருவர் இதைக் கணவன்-மனைவி உறவுக்கு உவமையாக்கி எனக்கே திருப்பி அனுப்பப் போகிறார் என்று எழுதும்போதே தெரிகிறது. வேண்டாம். நான் பசையைப் பற்றித்தான் சொல்கிறேன்.)

பழையதா புதியதா என்பதை உங்கள் மகளிடமே விட்டுவிடுங்கள். கடையில் நாலைந்து வயலின்களை அவள் வாசிக்கட்டும், அவளுடைய ஆசிரியர் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்கட்டும். நண்பரை அழைத்துப்போக வேண்டாம்.

முக்கால் வயலினில் பூசியது என்ன பசை என்று உடனே எழுதுங்கள். சில வகைகளைத் தேர்ந்த கை பிரித்துவிடும். வெயில் ஏறுவதற்குள் நல்ல ஆளிடம் காட்டுங்கள். அதுவரை தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள், உள்ளே குச்சி விழுந்துவிடும். விழுந்தால் அதையும் நீங்களே ஒட்டப் பார்ப்பீர்கள்.