செம்மறிக்கு நீலநாக்கு: கொசுவலை கட்டினால் போதுமா?

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் செம்மறி வளர்க்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு ஆடுகளுக்குக் காய்ச்சல், உதடு வீக்கம், மூக்கில் சளி. டாக்டர் நீலநாக்கு நோய் என்றார். ‘கியூலிகாய்டஸ்’ பரப்புகிறது என்றும் சொன்னார். அது கொசுதானே? தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பட்டிக்குக் கொசுவலை கட்டியிருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது ஐயா. லத்தீனில் ‘கியூலெக்ஸ்’ என்றால் கொசு. ‘கியூலிகாய்டஸ்’ என்றால் கொசு மாதிரி இருப்பது. 1809இல் லத்ரேல் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் வைத்த பெயர். பார்க்கத்தான் கொசு மாதிரி, இது வேறு குடும்பம். 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அமெரிக்காவில் ‘நோ-சீ-அம்’, அதாவது கண்ணில் படாதது என்றே பெயர். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் சுலபமாக நுழைந்துவிடும்.

பொழுது சாயும் நேரத்தில் டார்ச் அடித்து, ஆட்டின் காதோரம், அடிவயிறு என்று முடி குறைந்த இடங்களைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் ஒட்டியிருக்கும். கடிப்பது பெண் பூச்சி மட்டும்.

தொட்டியைக் கவிழ்த்தது நல்லதுதான், ஆனால் இது பெருகும் இடம் அதுவல்ல. சாணமும் மூத்திரமும் கலந்த ஈரச்சேறுதான் இதற்குத் தொட்டில். தண்ணீர்த்தொட்டி வழிந்து சொதசொதவென்று கிடக்கும் ஓரத்தைப் பாருங்கள், அங்கேதான் புழு இருக்கும். வாரம் ஒருமுறை சுரண்டி எடுத்து, வெயிலில் பரப்பிக் காயவிடுங்கள். பட்டியை மேட்டுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. இந்தப் பூச்சிக்குக் காற்றில் பறக்கத் தெம்பில்லை; அந்தி முதல் விடியும்வரை ஒரு ஃபேன் ஓடினாலே கடி குறையும்.

மாட்டுக்கும் இந்தக் கிருமி ஏறும். பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் அதைக் கடித்த பூச்சி உங்கள் செம்மறிக்கு வரும். அதனால் மாட்டுக்கொட்டிலை ஒட்டிப் பட்டி போடாதீர்கள்.

நோய் கண்ட ஆடுகளை நிழலில் கட்டுங்கள், வெயில் பட்டால் வீக்கம் கூடும். வாய்ப்புண்ணில் போரிக் பவுடரைக் கிளிசரினில் குழைத்துத் தடவுங்கள். மேய முடியாது, கேழ்வரகுக் கூழை ஆறவைத்துக் கொடுங்கள். குளம்புக்கு மேலே சிவந்து நொண்டினால் அதுவும் இதே நோய்தான். இது வைரஸ். ஆன்டிபயாடிக் ஊசி பின்னால் சேரும் சீழுக்கும் சளிக்கும்தான், வைரஸைக் கொல்லாது. மனிதருக்கு ஒட்டாது, பயம் வேண்டாம்.

தடுப்பூசி இருக்கிறது, நம் நாட்டில் அதிகம் காணும் ஐந்து வகைக் கிருமிக்கும் சேர்த்து ஒரே ஊசி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும், மழை பிடித்த பிறகு ஓடுவதில் பெரிய பலனில்லை. இந்த வருடம் மீதி ஆடுகளுக்குப் போடலாமா என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். சினை ஆடு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; இந்த நோயில் கரு கலைவதும் உண்டு.