ஐஈஎல்டிஎஸ் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்: பாவனையாளர் கேள்வி-பதில்

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியில் வசிக்கும் தாதிய உத்தியோகத்தர். பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு செய்வதற்காக ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கில மொழிப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறேன். வாசிப்பும் பேச்சும் பரவாயில்லை. மாதிரிப் பரீட்சையில் 9க்குக் கேட்டலில் 6 புள்ளியும் எழுத்தில் 5.5 புள்ளியும் கிடைத்தன. மட்டக்களப்பு நகரில் ஓரிடத்தில் ஒலிப்பதிவுகளும் பிரதியெடுத்த புத்தகங்களும் அடங்கிய பென் டிரைவ் விற்கிறார்கள். இன்னோரிடத்தில் மூன்று மாத சூம் வகுப்பு இருக்கிறது. கட்டுரையைத் தானே திருத்தித் தரும் கைபேசிச் செயலி ஒன்றுக்கு மாதச் சந்தாவும் கேட்கிறார்கள். ஒன்றுக்கு மட்டுமே என்னால் பணம் கட்ட முடியும். எதை வாங்குவது?

பதில்: மூன்றில் எதற்கும் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். கேட்டல் பயிற்சிக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி செலவில்லாமலே கிடைக்கிறது. எழுத்துக்கு வேண்டியது பொருள் அல்ல, நீங்கள் எழுதியதை வரிவரியாக வாசித்துத் திருத்தித் தரும் ஓர் ஆள். உங்களிடம் இருக்கும் பணம் அவருக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இலக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிரித்தானியாவின் தாதியர், மருத்துவிச்சியர் பேரவை வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகிய மூன்றிலும் 7 புள்ளியையும் எழுத்தில் 6.5 புள்ளியையும் கேட்கிறது. அதுவும் அகடமிக் எனப்படும் பிரிவில் பெற்றதாக இருக்க வேண்டும். இங்கேதான் வாங்குபவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். கேட்டல் பரீட்சை அகடமிக், ஜெனரல் ட்ரெய்னிங் ஆகிய இரு பிரிவுக்கும் ஒன்றே. ஆனால் எழுத்தின் முதல் வினா அகடமிக் பிரிவில் வரைபடம், அட்டவணை, செயல்முறைப் படம் போன்றவற்றை விவரிக்கச் சொல்கிறது. ஜெனரல் ட்ரெய்னிங் பிரிவிலோ கடிதம் எழுதச் சொல்கிறது. பென் டிரைவில் இருப்பவை கடித மாதிரிகளாக இருந்தால் அந்தப் பகுதி உங்களுக்குச் சற்றும் உதவாது. இதே பேரவை ஓஈடி என்னும், சுகாதாரத் துறையினருக்கான பரீட்சையையும் ஏற்கிறது. அதில் எழுத்துப் பகுதி பெரும்பாலும் நோயாளி ஒருவரைப் பற்றிய கடிதமாகவே அமைவதால், வார்டில் பழகிய உங்களுக்கு அது இலகுவாகத் தோன்றலாம். கட்டணம் கூடியது என்றாலும், பணம் கட்டும் முன் இரண்டின் மாதிரி வினாத்தாள்களையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

கேட்டலை எடுத்துக்கொள்வோம். நான்கு பகுதிகள், 40 வினாக்கள், ஏறத்தாழ 30 நிமிடங்கள். ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். 40க்கு 23 அளவில் சரியாக இருந்தால் 6 புள்ளி, 30 அளவில் சரியாக இருந்தால் 7 புள்ளி. எனவே உங்களுக்கும் இலக்குக்கும் இடையில் நிற்பவை ஏழு விடைகள் மட்டுமே. அந்த ஏழும் எங்கே நழுவுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. நூறு ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டு முடிப்பது பயிற்சி ஆகாது. ஒரு பரீட்சையை நிறுத்தாமல் ஒருமுறை கேட்டு விடை எழுதுங்கள். பிறகு பதிவின் எழுத்து வடிவத்தை முன்னால் வைத்து, தவறிய ஒவ்வோர் இடத்தையும் மீண்டும் கேளுங்கள். பேசுபவர் முதலில் ஒரு நாளையோ விலையையோ சொல்லி, அடுத்த வாக்கியத்தில் அதைத் திருத்திக்கொண்ட இடத்தில் நீங்கள் முதற்பதிலை எழுதியிருப்பீர்கள். இரண்டு சொற்களுக்கு மேற்படக் கூடாது என்ற அறிவுறுத்தலைக் கவனிக்காமல் மூன்று சொற்கள் எழுதியிருப்பீர்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் தவறுவது ஆங்கிலத்தில் பன்மையைக் காட்டும் இறுதி 's' ஒலி. பத்துப் புத்தகம் என்று இயல்பாகப் பேசும் நம் காதுக்கு அந்தச் சிறிய ஒலி எட்டுவதே இல்லை, ஆனால் அது இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. எழுத்துக்கூட்டல் பிழைக்கும் அப்படியே. தவறிய வாக்கியங்களைச் சொல்வதெழுதலாக எழுதிப் பார்ப்பது இதற்கெல்லாம் நல்ல மருந்து.

இதற்கு வேண்டிய மாதிரிப் பரீட்சைகளைப் பரீட்சையை நடத்தும் பிரிட்டிஷ் கவுன்சிலும் ஐடிபியும் தமது இணையத்தளங்களில் இலவசமாகவே வைத்துள்ளன. அதற்கு மேலும் வேண்டுமானால் கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரி வினாத்தாள் தொகுதி ஒன்றை வாங்கலாம். ஒரு தொகுதியில் நான்கு முழுப் பரீட்சைகள், விடைகள், ஒலிப்பதிவின் எழுத்து வடிவம், எழுத்துப் பகுதிக்கான மாதிரி விடைகள் ஆகியவை இருக்கும். அட்டையில் அகடமிக் என்று இருக்கிறதா என்று பாருங்கள். விடைகள் இல்லாத பதிப்புகளும் விற்பனையில் உள்ளன, அவை தனியே படிப்பவருக்கு உதவாது. பிரதியெடுத்த புத்தகங்களைத் தவிர்க்கச் சொல்வதற்குப் பதிப்புரிமை ஒரு காரணம். ஒலிப்பதிவு ஒரு தொகுதிக்கும் வினாத்தாள் வேறு தொகுதிக்கும் உரியதாக இருப்பது இன்னொரு காரணம். இரவுக் கடமை முடித்து வந்து உட்காரும் ஒருவரின் நேரத்தை அப்படி வீணாக்கக் கூடாது.

இனி எழுத்து. 60 நிமிடங்களில் இரண்டு வினாக்கள். முதலாவதுக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதுக்குக் குறைந்தது 250 சொற்கள். இரண்டாவது வினாவுக்கு முதலாவதைப் போல் இரு மடங்கு பெறுமதி. கேட்டதற்கு முழுமையாகப் பதில் எழுதியிருக்கிறீர்களா, கருத்துகள் ஒழுங்காகத் தொடர்கின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்ற நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள். செயலிகள் இலக்கணப் பிழையையும் எழுத்துப் பிழையையும் நன்றாகவே பிடிக்கின்றன. வினா ஒன்றைக் கேட்க நீங்கள் வேறொன்றுக்கு விடை எழுதியதைச் சுட்டிக்காட்டுவதில் அவற்றை நம்ப முடியாது. அவை தரும் புள்ளியும் பரீட்சகர் தரும் புள்ளி அல்ல. மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்தால் புள்ளி குறையவே செய்யும், பரீட்சகர்கள் அதை எளிதில் அடையாளம் காண்பார்கள்.

ஆகவே வகுப்பில் சேர்வதானாலும், தனி ஆசிரியரிடம் போவதானாலும், பணம் கொடுக்கும் முன் அவர் திருத்திய ஒரு விடைத்தாளை, மாணவரின் பெயரை மறைத்து, காட்டும்படி கேளுங்கள். சிவப்புப் பேனாவால் பிழைகளைச் சுழித்து அடியில் ஒரு புள்ளி மட்டும் போட்டிருந்தால் அது போதாது. ஒவ்வோர் அளவுகோலின் கீழும் ஏன் அந்தப் புள்ளி என்று எழுதியிருக்க வேண்டும். அதே கட்டுரையை நீங்கள் திருத்தி எழுதிக் கொடுத்தால் மறுபடியும் பார்ப்பாரா என்று கேளுங்கள். முன்னேற்றம் அந்த இரண்டாவது எழுத்தில்தான் வருகிறது. மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டுவதைவிட, கட்டுரை ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது உங்களைப் போல் மாறிமாறி வேலை நேரம் உள்ளவருக்குப் பொருந்தும். அந்த சூம் வகுப்பில் வாரம் எத்தனை கட்டுரை திருத்துவார்கள் என்பதற்கு நேரடியான பதில் கிடைத்தால், அதையும் யோசிக்கலாம்.

கேள்வி: கேட்டல் பயிற்சிக்கு விலை கூடிய ஹெட்போன் வேண்டுமா? (ஏறாவூர் வாசகர்)

பதில்: வேண்டாம். காதை முழுவதும் மூடும் சாதாரண வயர் ஹெட்போன் போதும். கணினி வழியில் பரீட்சை எழுதுபவர்கள் அதனுடன் விசைப்பலகையிலும் பழக வேண்டும், ஏனெனில் தாளில் எழுதும் வசதி உள்ள இடங்களில் விடைகளைப் பெயர்த்தெழுத 10 நிமிடங்கள் தரப்படுகின்றன, கணினியில் சரிபார்க்க 2 நிமிடங்கள்தான்.

கேள்வி: 7 புள்ளி நிச்சயம், இல்லாவிட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தில் மகனைச் சேர்த்தேன். இப்போது கட்டுரை திருத்துவதில்லை, பணமும் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் இன்றே சேகரித்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு தராமல் இருந்தால் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பிறகு, வாக்குறுதியைக் குறிப்பிட்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு திகதியிட்டுக் கடிதம் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்து மூலம் முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடை செய்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால் தாமதிக்காதீர்கள். பேசித் தீர்க்கலாம் என்று தோன்றினால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபையையும் நாடலாம்.

இதற்கிடையில் மகனிடம் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுங்கள். பரீட்சை வினாத்தாளை முன்கூட்டியே தருகிறோம், பரீட்சை எழுதாமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் ஒரு ரூபாவும் கொடுக்கக் கூடாது. பெறுபேற்றுப் படிவத்தின் இலக்கத்தைக் கொண்டு அதைக் கேட்கும் நிறுவனங்கள் நேரடியாகச் சரிபார்க்கின்றன. போலி அங்கேயே பிடிபட்டு, விசாவும் கைநழுவிவிடும்.