மாதம் 17,500 ரூபாய் ஊசிக்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வயது 44, கோயம்புத்தூரில் வேலை. உயரம் 165 செ.மீ., எடை 98 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை; மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.8. வாரம் ஒரு முறை போடும் எடைக்குறைப்பு ஊசியை டாக்டர் சொல்கிறார். கைக்கு வரும் சம்பளம் 92,000. வீட்டுக் கடன் 27,000, பிள்ளைகள் படிப்பு 9,000, வீட்டுச் செலவு 34,000 (இதில் வெளிச்சாப்பாடு மட்டும் 7,000), எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்ட் மாத முதலீடு) 8,000, இன்ஷூரன்ஸ் பிரீமியங்கள் 4,000. கையில் எஃப்.டி. 3.5 லட்சம். அதை உடைக்கலாமா, கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. போடலாமா? ஹெல்த் இன்ஷூரன்ஸ் தருமா? பக்கத்து ஜிம்மில் வருடத்துக்கு 18,000 கேட்கிறார்கள், அதுவும் தேவையா?

பதில்: எஃப்.டி.யைத் தொடாதீர்கள், கார்டும் வேண்டாம். ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 36, சர்க்கரையும் இருக்கிறது, டாக்டர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் எந்த ஊசி என்பதை உங்கள் மாத மிச்சம்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த மிச்சத்திலும் முதல் பங்கு சாப்பாட்டுக்கும் தசைப் பயிற்சிக்கும் போக வேண்டும்.

விலையிலிருந்து தொடங்கலாம். டிர்செபடைட் (மவுஞ்சாரோ) மார்ச் 2025இல் இங்கே வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒன்று. நான்கு 5 மி.கி. குப்பியைச் சேர்த்து 'மாதம் 17,500' என்று சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது: நான்கு வாரம் ஒரு மாதம் ஆகாது. வருடத்துக்கு 52 வாரம், அதாவது 13 முறை வாங்க வேண்டும். முதல் 4 வாரம் 2.5, மீதி 48 வாரம் 5 மி.கி. என்று வைத்தாலே 2,24,000 ரூபாய். செப்டம்பர் 2025இல் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியதால் கொஞ்சம் குறையும். ஆனால் டோஸ் ஏற ஏற விலையும் ஏறும்; 5 மி.கி.யோடு நின்றுவிடுவோம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இன்னொரு வார ஊசியான செமாக்ளுடைட் (வீகோவி, ஓசெம்பிக்) கதை வேறு. நவம்பர் 2025இல் வீகோவியின் விலையைக் கணிசமாகக் குறைத்தார்கள். இந்தியாவில் செமாக்ளுடைடின் காப்புரிமைக் காலம் மார்ச் 2026 வரைதான் என்பதால், அதன் பிறகு உள்நாட்டு கம்பெனிகளின் தயாரிப்புக்கும் வழி உண்டு. இந்தச் சந்தையில் விலை வேகமாக மாறுகிறது. போன மாதம் யாரோ சொன்ன விலையை நம்பாமல், வாங்கும் வாரத்தில் இரண்டு மெடிக்கல் ஷாப்பில் கேளுங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. எல்லாம் போக மிச்சம் 10,000. ஊசி போட்டால் பசி அடங்கும், வெளிச்சாப்பாடு தானாகக் குறையும். 7,000இல் 4,000 மிச்சமாகும் என்று எடுத்துக்கொள்வோம். ஆக 14,000. இதில் 4,500ஐ உணவு, பயிற்சி, டாக்டர் ஃபீஸுக்கு முதலில் ஒதுக்குங்கள். ஊசிக்கு 9,500. வருடத்துக்கு 1,14,000, அதை 13ஆல் வகுத்தால் 8,769. நான்கு வார மருந்து 8,750 ரூபாய்க்கு மேல் போனால் அது உங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. இந்த எண்ணை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். 'காசு பிரச்சினை இல்லை டாக்டர்' என்று கௌரவத்துக்குச் சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் ஊசியை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான செலவு.

ஏன் என்றால், இந்த மருந்து வேலை செய்வது உடம்பில் இருக்கும்வரைதான். செமாக்ளுடைட் 2.4 மி.கி.யை 68 வாரம் போட்டுச் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தவர்களை, நிறுத்திய பிறகு ஒரு வருடம் பார்த்தார்கள். குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. அந்த 15 சதவீதமும் சர்க்கரை இல்லாதவர்களின் கணக்கு. சர்க்கரை உள்ளவர்களிடம் அதே டோஸ் தந்தது 9.6 சதவீதம்தான். உங்களுக்கு அது ஒன்பது கிலோ சொச்சம். விளம்பரப் படங்களைப் பார்த்து 25 கிலோவுக்கு பட்ஜெட் போடாதீர்கள்.

அந்த ஒன்பது கிலோவும் முழுக்கக் கொழுப்பு இல்லை. இந்த மருந்துகளின் ஆய்வுகளில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பில்லாத திசுவாக இருந்தது. அதில் நீரும் அடக்கம், எல்லாமே தசை அல்ல. என்றாலும் தசை கரைகிறது என்பது உண்மை. நிறுத்தும்போது திரும்புவது பெரும்பாலும் கொழுப்பு. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைதான் என்பதால், உங்களுக்கு இது இரட்டை நஷ்டம்.

டென்மார்க்கில் இதற்கு முந்தைய தலைமுறை மருந்தான லிராக்ளுடைடை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. முதலில் உணவுக் கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்து மட்டும், இன்னொரு பகுதிக்கு மருந்தோடு உடற்பயிற்சியும். எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், உடற்பயிற்சி செய்தவர்களுக்கு எடை குறைவாகவே ஏறியிருந்தது. 4,500ஐ முதலில் எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான். ஊசி நின்றாலும் அந்தப் பணம் வாங்கித் தந்தது உங்களிடம் தங்கும்.

புரதக் கணக்கு. எடை குறையும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் என்பது நடைமுறை அளவு. இப்போதைய 98க்கு அல்ல, இருக்க வேண்டிய எடையை 75 என்று வைத்து 90 கிராம். மூன்று முட்டை 18, அரை லிட்டர் பால் அல்லது தயிர் 16, உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் 26, கொண்டைக்கடலை 50 கிராமில் 10, மீனோ கோழியோ 100 கிராமில் 20. கூட்டினால் 90. நாளுக்கு ஏறக்குறைய 90 ரூபாய், மாதம் 2,700. பால் ஏற்கெனவே வீட்டுக் கணக்கில் இருந்தால் 2,000தான் கூடுதல். புரதப் பவுடர் ஒரு ஸ்கூப் 24 கிராம் தரும், 80 ரூபாய் சுற்றில் ஆகும். மீல்மேக்கரில் அதே அளவு 10 ரூபாய் சுற்றில் கிடைக்கிறது. குமட்டலில் எதுவும் இறங்காத வாரங்களுக்கு மட்டும் ஒரு சிறிய டப்பா போதும்.

ஊசி போட்ட பிறகு இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். அதில் புரதம் நான்கு கிராம்கூடத் தேறாது. அதனால் தட்டில் முட்டையும் சுண்டலும் முதலில், சோறும் இட்லியும் கடைசியில். சர்க்கரைக்காரர் என்பதால் இந்த அளவுக்குப் போகுமுன் கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். கிட்னியில் கோளாறு இருந்தால் 90 கிராம் என்பதை டாக்டர் மாற்றுவார்.

ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டாதீர்கள். டோஸ் ஏறும் முதல் சில மாதங்களில்தான் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் எல்லாம் அதிகம். அப்போதுதான் ஜிம்மை விடுவார்கள். மூன்று மாதத்துக்குக் கட்டுங்கள். செப்டம்பர் 22, 2025 முதல் ஜிம்முக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பில்லில் 18 போட்டிருந்தால் கேளுங்கள். ஜிம் பிடிக்காவிட்டால் 20 கிலோ டம்பெல் செட்டும் ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்டும் 4,000 ரூபாய்க்குள் முடியும். பயிற்சியாளரிடம் மூன்று வகுப்பு மட்டும் காசு கொடுத்து முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வாரம் மூன்று நாள், 40 நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குனிந்து டம்பெல்லை இடுப்புக்கு இழுப்பது, இடுப்பை மடக்கி எடை தூக்குவது, இரு கையிலும் எடையோடு நடப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. 12 சுலபமானதும் எடையைக் கூட்டுங்கள். ஆறு மாதமாக அதே ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தால் தசை வளரக் காரணமே இல்லை. நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் இந்த வேலையை அது செய்யாது. குமட்டல் ஊசிக்கு அடுத்த நாளில் வருகிறது என்றால் வெள்ளி இரவு ஊசி. திங்கள், புதன், வெள்ளி பயிற்சி.

மாதம் ஒரு முறை இடுப்பளவையும், 30 விநாடியில் கை ஊன்றாமல் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பதையும் குறித்து வையுங்கள். இரண்டும் இலவசம். எடை குறையும்போது எழும் எண்ணிக்கையும் குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸை வேகமாக ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கிளிமிபிரைடோடு இந்த ஊசி சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம், அதுவும் பயிற்சிக்கு நடுவில். கிளிமிபிரைடின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். விழித்திரைப் பரிசோதனையும் அதற்கு முன்பே. குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருந்தாலோ மறைக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்குகளில் உடல்பருமன், எடைக் கட்டுப்பாடு சிகிச்சை ஒன்று. அதில் அறுவை சிகிச்சைக்கு மட்டும் வாசல் உண்டு: பி.எம்.ஐ. 40, அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது) போன்ற ஒன்று. உங்கள் ஹெச்பிஏ1சி 7.8ஐ வைத்து அதை நிரூபிப்பது சுலபமில்லை. கம்பெனி குரூப் பாலிசியில் ஓ.பி.டி. (ஆஸ்பத்திரியில் சேராத சிகிச்சைச் செலவு) இருந்தால் சர்க்கரை மருந்து என்ற முறையில் கொஞ்சம் கிடைக்கலாம்; வருட உச்சவரம்பைப் பாருங்கள். வருமான வரியில் இந்த பில்லுக்குக் கழிவு இல்லை. பழைய வரி முறையிலும், 80டி என்று பழகிய ஹெல்த் இன்ஷூரன்ஸ் கழிவு உங்கள் வயதில் பிரீமியத்துக்கும் 5,000 வரை முன்னெச்சரிக்கைப் பரிசோதனைக்கும்தான்.

எஃப்.டி. விஷயம்: எஸ்.ஐ.பி. நீங்கலாக உங்கள் மாதக் கட்டாயச் செலவு 74,000. 3.5 லட்சம் ஐந்து மாதத்துக்குக்கூடப் போதாத அவசர நிதி. கார்டு இ.எம்.ஐ. வட்டியும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், வாரத்தில் கரைந்துபோகும் பொருளுக்குக் கட்டத் தகாதவை. எஸ்.ஐ.பி.யையும் நிறுத்த வேண்டாம்.

வாங்கும்போது நான்கு வாரத்துக்கு மேல் வாங்காதீர்கள். டோஸ் மாறலாம், ஒத்துக்கொள்ளாமல் போகலாம், திறந்த ஊசிப் பேனாவைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் அது குப்பைதான். போலி செமாக்ளுடைட் பற்றி உலக சுகாதார நிறுவனம் ஜூன் 2024இல் எச்சரித்தது. பேட்ச் எண் போட்ட பில் இல்லாமல், வாட்ஸ்அப்பில் தள்ளுபடிக்கு வருவதைத் தொடாதீர்கள். பெரிய டோஸ் பேனாவை வாங்கி, டயலைத் திருப்பும்போது கேட்கும் கிளிக்கை எண்ணிப் பிரித்துப் போடும் சிக்கனமும் வேண்டாம். ஒரு வருடம் கழித்துக் குறைந்த டோஸில் தக்கவைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது முறையான சிக்கனம்.