பாஸ்டனில் மாட்டிய 33 அங்குல மீன்: விட்டது சரியா?

பாஸ்டனில் மாட்டிய 33 அங்குல ஸ்ட்ரைப்டு பாஸை (உடலில் கோடுகள் உள்ள கடல்மீன்) நீங்கள் திரும்ப விட்டது சரிதான், அதை வைத்துக்கொண்டிருக்கலாம் என்று மாமா சொன்னதுதான் தப்பு. அங்கே கடலில் ஸ்ட்ரைப்டு பாஸ் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31-ஐத் தொடாமலும் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று.

மாமா பழைய விதியை நினைத்திருப்பார். மேல்வரம்பு 35 அங்குலமாக இருந்தது, 2023இல்தான் 31க்கு இறங்கியது. பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள், அதனால்தான் இந்தக் கெடுபிடி. பினாங்குப் பாலத்துப் பக்கம் பெரிய சியாக்காப் (கொடுவா மீன்) மாட்டினால் நேரே குழம்புச் சட்டிக்குக் கொண்டுபோகும் நமக்கு வயிறு எரியத்தான் செய்யும்!

அடுத்த தடவை மீனின் வாயை மூடி, வால் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து அளந்து பாருங்கள். வாலை விரித்து அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும்.

இன்னொன்று, அமெரிக்கக் கிழக்குக் கரையிலேயே உள்ள செசபீக் விரிகுடாவில் அளவே வேறு. கிளம்புமுன் அந்தந்த மாநில விதியைப் பார்த்துவிடுங்கள்.