எல்ஃப் காது எவ்வளவு நீளம்? கேம்களும் கதைப்பின்னணியும்: கேள்வி பதில்

ஃபேன்டஸி கேம்களில் வரும் எல்ஃப்களின் தோற்றம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். தொடங்கும் முன் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லா எல்ஃப்களுக்கும் பொதுவான சட்டம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கேமும் தன் உலகத்து எல்ஃப்களுக்கு ஒரு வரலாறு எழுதிவைத்திருக்கிறது. கண்ணில் தெரியும் உருவம் அந்த வரலாற்றோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். வேறொரு உலகத்து அளவுகோலை எடுத்துவந்து வைத்தால் எந்த கேமும் தேறாது.

கேள்வி: கூர்மையான காது இல்லாவிட்டால் அது எல்ஃபே இல்லை என்று என் நண்பன் சண்டை போடுகிறான். மூலத்தில் அப்படித்தான் இருக்கிறதா?

இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய 'எட்டா' என்ற புராண நூலில், ஒளி எல்ஃப்கள் பார்வைக்குச் சூரியனைவிட அழகானவர்கள், இருள் எல்ஃப்கள் கீலைவிடக் கறுப்பானவர்கள் என்று வருகிறது. காதைப் பற்றிப் பேச்சே இல்லை.

டோல்கீன் விஷயம் இன்னும் சுவையானது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முழுக்கத் தேடினாலும் எல்ஃபின் காது கூர்மையானது என்று நேரடியாக ஒரு வரி கிடைக்காது. ஆனால் அவருடைய மொழிக் குறிப்புகளில் கிடைக்கும். எல்ஃப் மொழியில் 'இலை' என்ற சொல்லும் 'காது' என்ற சொல்லும் ஒரே மாதிரி ஒலிப்பவை. அந்த இடத்தில், எல்ஃப் காதுகள் மனிதக் காதுகளைவிடக் கூர்மையானவை, இலை வடிவில் இருப்பவை என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குறிப்புகள் அச்சில் வந்தது 1987-இல், அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆக, காது கூர்மை என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் அது இலையின் நுனி அளவுக் கூர்மை, கத்தி அளவு இல்லை. உங்கள் நண்பர் பாதி ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'இல் வரும் எல்ஃப் லெகோலாஸின் பொன்னிற முடியாவது உண்மையா? எல்லா கேமிலும் எல்ஃப் என்றாலே பொன்னிற முடிதானே?

லெகோலாஸின் முடி என்ன நிறம் என்று கதையில் சொல்லவே இல்லை. அவன் அப்பாவுக்குப் பொன்னிற முடி என்று டோல்கீனின் முந்தைய நாவலான 'ஹாபிட்'டில் வருகிறது. அவ்வளவுதான். 2001-இல் வந்த படம்தான் நம் மனத்தில் அந்த நிறத்தைப் பதித்தது.

டோல்கீனுடைய எல்ஃப்களில் நோல்டோர் என்ற பெரிய குலத்துக்குக் கருமையான முடி, சாம்பல் நிறக் கண்கள். பொன்னிறம் வன்யர் குலத்துக்கு உரியது. திங்கொல், கெலெபோர்ன் போன்ற சிலருக்கு வெள்ளி நிறம். அதனால் மிடில் எர்த் என்ற டோல்கீனின் உலகப் பின்னணியில் நீங்கள் கறுப்பு முடி எல்ஃபை உருவாக்கினால், யாரும் குறை சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் அதுதான் கதைக்கு நெருக்கமான தேர்வு.

கேள்வி: ஜப்பானிய கேம்களில் காது பக்கவாட்டில் அரை அடி நீள்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

'ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்' என்ற தொடரில் வரும் டீட்லிட் என்ற எல்ஃப் பெண்ணிடமிருந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். 1980-களில் ஒரு பத்திரிகையில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டேபிள்டாப் ஆட்டம் ஒன்றின் பதிவாகத் தொடங்கிய கதை அது. ஓவியர் யுடகா இஸுபுச்சி அவளுக்கு நீண்ட காதுகளைக் கிடைமட்டமாக வரைந்தார். அங்கே பலருக்கு எல்ஃப் என்றதும் அந்த உருவம்தான் முதலில் நினைவுக்கு வரும். இதைத் 'தப்பு' என்று நான் சொல்ல மாட்டேன். அது தனி மரபு.

கேள்வி: 'செல்டா'வில் வரும் லிங்க் எல்ஃபா?

இல்லை, ஹைலியன் என்ற வேறு இனம். கடவுள்கள் அனுப்பும் செய்திகளைக் கேட்பதற்காகத்தான் அந்தக் காதுகள் என்று அந்த உலகத்திலேயே ஒரு காரணம் சொல்லப்பட்டிருக்கிறது.

கேள்வி: வார்கிராஃப்டில் நைட் எல்ஃப் ஊதா நிறம், புருவம் முகத்தைத் தாண்டி நீள்கிறது. இதைவிடப் பெரிய கதைமீறல் இருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் என் பதில் நேர் எதிர். கதைக்கு மிகவும் விசுவாசமான உருவங்களில் நைட் எல்ஃபையும் சேர்ப்பேன்.

வார்கிராஃப்ட் உலகத்தின்படி நைட் எல்ஃப்கள் ட்ரோல்களிலிருந்து வந்தவர்கள். இருள் ட்ரோல்களில் ஒரு கூட்டம் 'வெல் ஆஃப் எடர்னிட்டி' என்ற மாய ஏரிக் கரையில் குடியேறி, தலைமுறை தலைமுறையாக அந்தச் சக்தியில் ஊறி எல்ஃப்களாக மாறினார்கள். இது ரொம்ப நாள் அரசல்புரசலாக இருந்தது. 2016-இல் வந்த, அந்த உலகத்தின் வரலாற்றைச் சொல்லும் 'க்ரானிக்கிள்' நூலின் முதல் தொகுதி உறுதியாக எழுதிவிட்டது.

இப்போது கேமைத் திறந்து ஒரு ட்ரோலையும் ஒரு நைட் எல்ஃபையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்த உயரம், நீண்ட காது, மனிதர்களிடம் இல்லாத தோல் நிறம். ட்ரோலின் கூனையும் தந்தத்தையும் எடுத்துவிட்டு நிமிர்த்திவைத்தால் கிட்டத்தட்ட நைட் எல்ஃப் வந்துவிடும்.

அடுத்த படியையும் பாருங்கள். நைட் எல்ஃப்களிலிருந்து பிரிந்து, அந்த ஏரியைவிட்டு வெகுதூரம் போனவர்கள்தான் ஹை எல்ஃப்கள். அங்கே உயரம் குறைந்தது, ஊதா நிறம் போய் மனித நிறம் வந்தது. காது மட்டும் அப்படியே நின்றது. பிறகு அவர்களே பிளட் எல்ஃப்களாகி ஃபெல் என்ற பேய்ச் சக்தியோடு பழகியபோது கண் பச்சையாக மாறியது. இத்தனையும் மாடலிலேயே தெரிகிறது. 2007-இல் 'பர்னிங் க்ரூஸேட்' என்ற வார்கிராஃப்ட் விரிவாக்கம் வந்தபோது அந்தப் பச்சைக் கண்களை வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். பின்னணியைப் படித்த பிறகு, ஒரு இனம் எதற்கு அடிமையாகிக் கிடந்தது என்பதை அந்தக் கண்ணே சொல்கிறது என்று புரிந்தது.

கேள்வி: உயரத்தில் எந்த கேம் அதிகமாகத் தவறுகிறது? எல்ஃப் உயரமா, குட்டையா என்றே எனக்குக் குழப்பம்.

குழப்பம் நியாயமானது. டோல்கீனில் உயரம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற டேபிள்டாப் ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் ஏறக்குறைய ஐந்தடி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஐந்தடிக்குக் கீழே தொடங்கி ஆறடிக்குச் சற்று மேல் வரை. எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் தொடரின் எல்ஃப் இனங்களில் ஆல்ட்மர்தான் மிக உயரம், போஸ்மர் குட்டை. ஒரே சொல்லுக்கு இத்தனை அளவுகள்.

தவறு நடப்பது பெரும்பாலும் கதை தெரியாததால் இல்லை, எலும்புக்கூட்டால். கேரக்டரை அசைக்க டெவலப்பர்கள் உள்ளே ஒரு எலும்புக்கூடு வைப்பார்கள். இனத்துக்கு இனம் அதன் அளவை மாற்றினால் கதவு, நாற்காலி, வாள் வீச்சு, கட்டிப்பிடிக்கும் காட்சி என எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அதனால் பல கேம்களில் எல்ஃப் என்பது மனித உடல், மெலிந்த முகம், காது. அத்தோடு முடிந்தது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் 'ஸ்கைரிம்' நல்ல உதாரணம். அதில் இனத்துக்கு ஒரு உயர எண் உண்டு. இம்பீரியல் மனிதருக்கு 1.0, நார்டு என்ற வடக்கத்திய மனிதருக்கு 1.03, ஆல்ட்மருக்கு 1.08. ஆல்ட்மராக விளையாடினால் எதிரில் நிற்கும் ஆளை உண்மையிலேயே கீழ்நோக்கிப் பார்ப்பீர்கள். தங்களை மேலானவர்கள் என்று நினைக்கும் இனத்துக்கு அது கச்சிதம். ஆனால் போஸ்மருக்கும் 1.0. கதையில் குட்டையானவர்கள், கேமில் மனிதருக்குச் சமம். அங்கே எனக்கு வருத்தம்தான். முந்தைய கேம்களில் ஆண் போஸ்மர் 0.9-ஆக இருந்தார்.

கேள்வி: அண்ணா, 'டிராகன் ஏஜ்' முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் எல்ஃப் முகமே மாறிவிட்டதே? எது சரி?

2009-இல் வந்த முதல் பாகமான 'ஆரிஜின்ஸ்'இல் எல்ஃப் என்றால் காது வைத்த சின்ன மனிதர்தான். 2011-இல் இரண்டாம் பாகத்தில் கண் பெரிதாகி, உடல் மெலிந்து, காது பக்கவாட்டில் நீண்டது. பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்த மாற்றத்தின் நோக்கம் பிடித்திருந்தது, அந்த முகங்கள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்த உலகத்தில் எல்ஃப்களைக் கண்டதும் அடையாளம் தெரிந்து ஒதுக்குகிறார்கள். சேரிக்குள் அடைத்து வைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே வேறுபாடு தெரிந்தால்தான் அந்தக் கொடுமை நம்பும்படி இருக்கும்.

இந்தத் தொடர் அசையாமல் பிடித்துக்கொண்ட ஒரு விதியும் உண்டு: எல்ஃபுக்கும் மனிதருக்கும் பிறக்கும் குழந்தை மனிதராகவே தெரியும். பாதிக் காது எல்லாம் கிடையாது. முதல் பாகத்தில் உங்களோடு வரும் அலிஸ்டரின் முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவனுடைய அம்மா ஒரு எல்ஃப் என்று கண்டுபிடிக்க முடியாது. (இன்னும் விளையாடாதவர்கள் மன்னிக்கவும்.)

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகத்தில் நடக்கும் 'பால்டர்ஸ் கேட் 3'இல் டிரவ் என்ற இருள் எல்ஃப் இனத்தின் சிவப்புக் கண் மூலக்கதைப்படி சரியா?

பெரும்பாலும் சரி. அதோடு ஒரு புதிய அர்த்தமும் சேர்த்திருக்கிறார்கள். டிரவ் என்றால் கரிய தோல், வெண்முடி, பெரும்பாலும் சிவப்புக் கண் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பழைய வழக்கம். விதிவிலக்கும் உண்டு, நாவல்களில் வரும் டிரவ் நாயகன் டிரிஸ்ட்டின் கண் இளம் ஊதா. 2023-இல் வந்த இந்த கேம் டிரவ்களை இரண்டாகப் பிரிக்கிறது. லோல்த் தெய்வத்தைத் தொழுபவர்களின் கண்ணைச் சிவப்பாக்கி அவளே அடையாளம் போடுகிறாள் என்று கேரக்டர் உருவாக்கும் திரையிலேயே எழுதியிருக்கிறார்கள். மின்தாரா என்ற டிரவ் பெண்ணை முதலில் சந்திக்கும்போது, அவள் லோல்த்தின் வழியில் வளர்ந்தவள் என்று கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அதே கேமில் வரும் எல்ஃப் ஹால்சினின் அகன்ற உடம்பைப் பற்றியும் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அவர் எல்ஃபுக்கு ரொம்பப் பெரிய ஆள்தான். கேமே அதை ஒப்புக்கொண்டு பேசுகிறது. அப்படி ஒப்புக்கொண்டால் எனக்குப் புகார் இல்லை.

கேள்வி: தாடி வைத்த எல்ஃப்?

டோல்கீனிலேயே உண்டு. கப்பல் கட்டும் கிர்தானுக்கு நீண்ட தாடி. வாழ்க்கையின் மூன்றாம் பருவத்தில்தான் எல்ஃப்களுக்குத் தாடி வளரும் என்று பிற்காலக் குறிப்பு ஒன்றும் இருக்கிறது. எல்டர் ஸ்க்ரோல்ஸில் ட்வெமர் என்ற 'குள்ளர்கள்'கூட எல்ஃப் இனம்தான், அவர்களுக்கு அடர்ந்த தாடி. தாராளமாக வையுங்கள்.

கேள்வி: ஹெல்மெட் போட்டால் காது எங்கே போகிறது?

சில கேம்களில் மறைத்துவிடுவார்கள், சிலவற்றில் இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நைட் எல்ஃப் காது ஹெல்மெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்த ஊர்க் கொல்லர் துளை போட்டுத்தான் செய்திருப்பார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: தோற்றமும் கதையும் முழுசாக ஒன்றிய ஒரே ஒரு எல்ஃபைக் காட்டுங்கள் என்றால் யாரைக் காட்டுவீர்கள்?

யோசிக்கவே வேண்டாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் 2002-இல் வந்த 'மாரோவிண்ட்'இன் விவெக்.

கேம் தொடங்கி நீங்கள் கப்பலில் கண் விழித்ததும் உங்களைக் குனிந்து பார்ப்பது டன்மர் என்ற எல்ஃப் இனத்தவர் ஒருவரின் முகம்: சாம்பல் நிறம், தழும்பு, சிவப்புக் கண். அதன்பின் பல மணி நேரம் அந்த நிறத்தையே பார்த்துப் பழகிவிடுவீர்கள். இவர்கள் எப்போதும் இப்படித்தான் போல என்று தோன்றிவிடும். ஆனால் அவர்களுடைய முன்னோர் கைமர்கள் பொன்னிறத் தோல் கொண்டவர்கள். அவர்களின் தலைவர் நெரவாரின் மரணத்துக்குப் பிறகு, அவருடைய தோழர்கள் சத்தியத்தை மீறியதற்காக அஸூரா என்ற தெய்வம் சபித்ததால் தோல் சாம்பலாகவும் கண் நெருப்பாகவும் ஆயின என்று பழைய கதை ஒன்று சொல்கிறது. கோயில் சொல்லும் கதை வேறு. எது உண்மை என்று அங்கங்கே கிடைக்கும் புத்தகங்களைப் படித்து நீங்களே ஒட்டவைக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் அரண்மனைக் கதவைத் திறந்து உள்ளே போவீர்கள். அந்தத் தோழர்களில் ஒருவர், இப்போது கடவுளாகக் கும்பிடப்படுபவர், சம்மணமிட்டுத் தரைக்கு மேலே மிதந்துகொண்டிருப்பார். கிட்டே போய்ப் பாருங்கள். தலை முதல் கால் வரை நேர்கோடு கிழித்த மாதிரி, உடம்பில் ஒரு பாதி பொன், மறு பாதி சாம்பல்.